நான் எழுதிய நிரலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

திறந்த மூல மெயில் சர்வர் மென்பொருள் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகச் சம்பளம் எதுவும் இல்லாமல் வேலை செய்திருக்கிறார். திட்டத்தைத் தொடங்கியவர் வேறொருவர், இவர் இரண்டாவதாகச் சேர்ந்தவர். உடனே போய்ச் சேராத மெயிலை வரிசையில் வைத்திருந்து மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும் பகுதி முழுக்க இவர் எழுதியது. பிறகு தொடங்கியவர் ஒதுங்கிக்கொண்டு, புதிதாக வந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். புதியவர் அந்த வரிசைப் பகுதியை மாற்றி எழுதினார். “மின்சாரம் போனால் மெயில் தொலைந்துவிடும்” என்று இவர் எதிர்க்க, பேச்சு முற்றி, இவருடைய கமிட் அனுமதி, அதாவது திட்டத்தின் நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை, பறிக்கப்பட்டது. சில நாளில் கோப்புகளின் தலைப்பிலிருந்த பெயரும் போய்விட்டது. “பதிப்புரிமை 2018–2023” என்று இவர் பெயரோடு இருந்த வரி இப்போது “பதிப்புரிமை 2024, திட்டக் குழுவினர்” என்று மாறியிருக்கிறது. கமிட் குறிப்பில் “தலைப்புகளைச் சுத்தம் செய்தேன்” என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு நிறுவனம் பின்னால் இருக்கிறது, உரிமத்தையே மாற்றப்போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறார். உரிமம் ஜிபிஎல் 3: யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் மாற்றியதை விநியோகித்தால் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். எழுதிய நிரலின் உரிமையைத் திட்டத்துக்குக் கொடுக்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் எதிலும் இவர் கையெழுத்துப் போடவில்லை.

கேட்பது மூன்று: என் நிரலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா, நிரலை வைத்திருக்கும் களஞ்சியம் (ரெப்போ) இருக்கும் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பி முடக்கலாமா, இல்லாவிட்டால் அதே பெயரில் நானே தனியாக நடத்தலாமா? கடைசியில் ஒரு வரி: “ரிலீஸில் கையெழுத்திடும் சாவியும் டவுன்லோடு சர்வரின் பாஸ்வேர்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, மாற்ற மறந்துவிட்டார்கள் போல.”

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அதுதான். தூக்கம் வராமல் ராத்திரி ராத்திரி அந்த ரெப்போவைத் திறந்து பார்க்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கையில் பாஸ்வேர்டு இருப்பது நல்லதல்ல.

சாவியை முதலில் ஒப்படையுங்கள்

அனுமதி போன பிறகு அந்த சர்வருக்குள் நுழைவது, ஒன்றையும் தொடாமல் சும்மா பார்த்துவிட்டு வருவதுகூட, பல நாடுகளில் குற்றம். “பாஸ்வேர்டை அவர்கள் மாற்றவில்லையே” என்பது காப்பாற்றாது. உங்களுக்கு அனுமதி இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வியாக வரும், இல்லை என்பதற்கு அவர்களிடம் எழுத்திலேயே சான்று இருக்கிறது. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தனியாளாகப் பராமரித்துக்கொண்டிருந்தவரிடம் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்து, ரிலீஸ் செய்யும் இடம்வரை வந்த ஒருவர் செய்த வேலை அது. அதற்குப் பிறகு, வெளியிடும் பதிப்பு உண்மையானது என்று உறுதிப்படுத்தும் ரிலீஸ் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை எல்லோரும் கூர்ந்து பார்க்கிறார்கள். நாளை அந்த சர்வரில் யாரோ எதையோ செய்தாலும் முதல் விரல் உங்களை நோக்கித்தான் நீளும்.

அதனால் இன்றைக்கே தொடங்கியவருக்கும் புதியவருக்கும் சேர்த்து ஒரு மெயில். “இன்னின்ன சாவி, பாஸ்வேர்டு என்னிடம் இருக்கின்றன. நான் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தப்போவதுமில்லை. சாவியை ரத்து செய்து பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.” அவ்வளவு போதும், குறையெல்லாம் இதில் வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டதாகப் பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.

கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது

“நான் எழுதியது, அதனால் நான் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்” என்று நினைக்கிறீர்கள். முதல் பாதி சரி. பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் 180-க்கும் மேற்பட்ட நாடுகளில் எந்தப் பதிவும் இல்லாமலே, எழுதிய கணத்தில் பதிப்புரிமை உங்களுடையதாகிறது. பங்களிப்பாளர் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாததால் அது இன்னமும் உங்களிடமே இருக்கிறது. ஆனால் நீங்கள் ஜிபிஎல் 3-ன் கீழ் கொடுத்துவிட்டீர்கள், அதன் 2-ஆம் பிரிவு நிபந்தனைகள் மீறப்படாதவரை இந்த உரிமம் ரத்து செய்ய முடியாதது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கோபித்துக்கொண்டு போனால் ரத்தாகும் என்று எங்கேயும் இல்லை. அந்த இரண்டு பேருக்கு மட்டுமா கொடுத்தீர்கள்? அந்த சர்வரை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் கொடுத்தீர்கள், அவர்களில் யாரும் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

நோட்டீஸ் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். பெரிய களஞ்சியத் தளங்கள் பலவும் அமெரிக்கச் சட்டத்துக்குள் வருவதால், 1998-ல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பினால் முடக்குவார்கள், உண்மைதான். எதிர்த்தரப்பு பதில் நோட்டீஸ் கொடுத்து, நீங்களும் வழக்குப் போடாமல் இருந்தால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அது திரும்ப வந்துவிடும். தெரிந்தே பொய்யான நோட்டீஸ் அனுப்பினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான். சரி, பெயரை நீக்கினார்களே, அது உரிம மீறல் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகலாம். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இந்த ஆயுதத்தை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் துறையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குத் தன்னார்வலர்கள் உருவாக்கிய பக்கிட் என்ற சர்வர் திட்டம். அதை விளையாட்டு நிறுவனம் 2012-லேயே வாங்கிவிட்டிருந்தது என்பது 2014 ஆகஸ்டில்தான் பலருக்கும் தெரியவந்தது. செப்டம்பரில் முக்கியப் பங்களிப்பாளர் ஒருவர், என் ஜிபிஎல் நிரலை மூடிய நிரலோடு கலந்து விநியோகிக்கிறார்கள் என்று நோட்டீஸ் அனுப்பினார். அவர் வாதத்தில் விஷயம் இருந்தது, உங்கள் வழக்கைவிட அது வலுவானது. இருந்தும் என்ன ஆயிற்று? டவுன்லோடுகள் முடங்கின, அதன்மேல் எழுந்த ஸ்பிகாட் திட்டமும் சேர்ந்து அடிவாங்கியது, கடைசியில் சர்வர் நடத்தும் ஒவ்வொருவரும் தன் கணினியில் தானே தொகுத்துக்கொள்ள ஒரு கருவி வந்தது. விளையாட்டு நிறுவனம் நன்றாகத்தான் இருந்தது. அலைந்தது சர்வர் நடத்தியவர்களும், எஞ்சியிருந்த தன்னார்வலர்களும். உங்களுடையது மெயில் சர்வர். முடங்கினால் அடுத்த பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காமல் நிற்கப்போவது யாரென்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு கமிட் அனுமதியையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பறித்தது அநியாயமாக இருக்கலாம், சட்டப்படி உங்களுக்கு அதில் உரிமை ஒன்றும் இல்லை. ஆறு ஆண்டு உழைத்தாலும் இல்லை. திட்டத்துக்கு எழுதி வைத்த விதிமுறை இருந்து அதை மீறியிருந்தால் பேச இடமுண்டு, உங்கள் திட்டத்தில் அப்படி எதுவுமே கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பெயர்

இங்கே நீங்கள் நியாயத்தின் பக்கம் நிற்கிறீர்கள். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் பெயர் நீக்கப்பட்ட கோப்புகளில் நீங்கள் எழுதிய வரிகள் இப்போதும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையில் வரி வரியாகத் தெரியும். வெறும் இடைவெளியை மாற்றியதால் வேறொருவர் பெயரில் தெரியும் வரிகளும் இருக்கும், அவற்றையும் பின்னோக்கிப் போய்ப் பிடியுங்கள். புதியவர் ஒரு கோப்பை அடியோடு புதிதாக எழுதிவிட்டார் என்றால் அதில் உங்கள் பெயர் இல்லாதது தவறில்லை, ஏனென்றால் மறுமுயற்சிக்கான உங்கள் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான். “திட்டக் குழுவினர்” என்று பொதுவாகப் போடுவதும் பல திட்டங்களில் வழக்கம்தான், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். பொதுவான வரியைச் சேர்ப்பது வேறு, உங்கள் வரிகள் உள்ளே இருக்கும்போதே உங்கள் குறிப்பை உங்களைக் கேட்காமல் அழிப்பது வேறு.

பட்டியல் கைக்கு வந்ததும் எழுதுங்கள். “கீழுள்ள கோப்புகளில் என் பதிப்புரிமைக் குறிப்பு இன்ன கமிட்டில் நீக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் நான் எழுதிய வரிகள் இன்னும் உள்ளன. ஜிபிஎல் 3-ன்படி உரிய பதிப்புரிமைக் குறிப்போடுதான் விநியோகிக்க வேண்டும், அதனால் என் குறிப்பைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்கிறேன்.” அந்த உரிமத்தின் 8-ஆம் பிரிவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பதிப்புரிமையாளரிடமிருந்து முதல்முறை நோட்டீஸ் வந்து 30 நாட்களுக்குள் மீறலைச் சரிசெய்துவிட்டால் அவர்களுடைய உரிமை நிரந்தரமாகத் திரும்பிவிடும். சண்டையில்லாமல் சரிசெய்யட்டும் என்றே வைத்த இடைவெளி அது. அவர்களுக்கும் கௌரவமாகப் பின்வாங்க இடம் கிடைக்கும். சரிசெய்யவே மாட்டோம் என்றால் அப்போது உங்கள் கை ஓங்கும். திறந்த மூல உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008-லேயே ஜேக்கப்சன் எதிர் கேட்சர் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் தார்மிக உரிமை பெர்ன் உடன்படிக்கையிலும் உண்டு, அது மென்பொருளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

ஒரு சங்கடமான கேள்வியையும் கேட்டாக வேண்டும். கடிதத்தில் போகிற போக்கில் “ஆபீஸ் லேப்டாப்பில், வேலை இல்லாத நேரத்தில்” நிறைய எழுதினேன் என்கிறீர்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? பணிக்காலத்தில் எழுதும் நிரலெல்லாம் நிறுவனத்துக்கே என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அப்படியிருந்தால் அந்த வரிகளின் பதிப்புரிமை உங்களுடையதா என்பதே கேள்வியாகிவிடும், அந்தக் கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீல் கிளப்புவதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

உரிமத்தை மாற்றுவதாக இருந்தால்

உங்களிடம் இருக்கும் பலமான விஷயத்தை நீங்கள் கவனிக்கவே இல்லை. அந்தத் திட்டத்தை ஜிபிஎல்லிலிருந்து வேறு உரிமத்துக்கு மாற்ற வேண்டுமானால், நிரல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிப்புரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2024-ல் உரிமத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது என்றால், அதுவரை அது பிஎஸ்டி என்ற தளர்ந்த உரிமத்தில் இருந்தது. ஜிபிஎல்லில் அப்படி முடியாது. இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் அப்பாச்சி உரிமத்துக்கு மாறுவதற்காக 2017-ல் பங்களிப்பாளர்களுக்கு மெயில் அனுப்பத் தொடங்கியது, புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தது 2021-ல். அத்தனை காலம் பிடிக்கும் வேலை அது. சம்மதிக்காதவரின் நிரலை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

ஆக, உங்களைத் தள்ளிவிட்டு அவர்களால் அந்த நிறுவனத்தோடு சுலபமாகக் கைகுலுக்க முடியாது. இதை மிரட்டலாகப் பயன்படுத்தச் சொல்லவில்லை. பெயர் குறித்த கடிதத்திலேயே “உரிமம் மாறும் எண்ணம் இருந்தால் என் நிரலுக்கு என் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்பதை நினைவூட்டுகிறேன்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அந்த நிறுவனத்தின் வக்கீலுக்கு அது உடனே புரிந்துவிடும். பழைய பங்களிப்புகளுக்கும் சேர்த்து ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி வந்தால் படிக்காமல் போடாதீர்கள். அதுவரை ஜிபிஎல்லில் வெளிவந்த பதிப்புகள் எப்படியும் ஜிபிஎல்லிலேயே இருக்கும், அதை யாராலும் மாற்ற முடியாது.

தனியாகப் போவது

ஃபோர்க் செய்ய, அதாவது நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்த, உங்களுக்கு முழு உரிமை உண்டு, யாரையும் கேட்க வேண்டாம். அதே பெயரில் மட்டும் கூடாது. பதிப்புரிமை வேறு, வணிகமுத்திரை வேறு. நிரலுக்கு ஜிபிஎல் கொடுத்தது பெயருக்கும் சேர்த்துக் கொடுத்தது ஆகாது. பெயரை யாரும் பதிவு செய்யவில்லை என்கிறீர்கள், பதிவில்லாமலே பயன்பாட்டால் உரிமை உண்டாகும் நாடுகள் பல. பெயர் வைத்தவர் தொடங்கியவர், டொமைனும் அவரிடம். நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஹட்சன் திட்டத்துக்கும் இப்படி ஒரு சிக்கல் வந்தது. பெயர் தன்னுடையது என்று ஆரக்கிள் நிறுவனம் சொன்னதும், 2011-ல் சமூகம் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு போய்விட்டது. இன்று ஹட்சனை யார் ஓட்டுகிறார்கள்? எழுதுகிறவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ பயனர்களும் அந்தப் பக்கம் போனார்கள்.

உங்கள் பக்கம் யார் வருவார்கள் என்பதை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். “நான் போனால் எல்லோரும் வருவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள், வருவதாகச் சொன்ன ஒருவரைக்கூடக் குறிப்பிடவில்லை. மெயில் சர்வரைத் தனியாளாக நடத்துவது என்றால் பாதுகாப்புப் புகார் வரும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல நீங்கள் ஒருவர்தான். இரண்டு பேராவது பொறுப்பை எழுத்தில் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருந்தால் தொடங்கலாம், இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள் என்பது என் கருத்து. பிரிந்தவர்கள் சேர்ந்ததும் உண்டு: ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் திட்டத்தின் நிர்வாகத்தில் அதிருப்தியடைந்து 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் என்று பிரிந்தவர்கள், ஒரு அறக்கட்டளையும் திறந்த நிர்வாகமும் அமைந்த பிறகு, 2015 செப்டம்பரில் வந்த 4.0 பதிப்பில் ஒன்றாகிவிட்டார்கள். அங்கே இரண்டு தரப்பும் பேசிக்கொண்டே இருந்தது.

பேச உங்களுக்கும் ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன், அது அந்தத் தொழில்நுட்பப் பிரச்சினைதான். புதிய வரிசைப் பகுதி செய்தியை டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்கு முன்பே எதிர் சர்வருக்கு 250, அதாவது ‘பெற்றுக்கொண்டேன்’, என்று பதில் சொல்லிவிடுகிறது என்கிறீர்கள். அது உண்மையென்றால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 250 சொன்ன கணத்திலிருந்து அந்த மெயிலுக்குப் பொறுப்பு இந்த சர்வர்தான், பின்னால் கணினி நின்றுபோனது என்பதற்காகவெல்லாம் தொலைக்கக் கூடாது என்று மெயில் பரிமாற்றத்துக்கான தரநிலையான ஆர்எஃப்சி 5321 கண்டிப்பாகச் சொல்கிறது. அனுப்பியவரின் சர்வர் தன் பிரதியை அழித்துவிட்டிருக்கும், வந்த சர்வரிலும் இல்லை, மெயில் எங்கேயும் இருக்காது. யாரோ ஒருவருடைய வேலைக்கான மெயில், மருத்துவ அறிக்கை, எதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் நீங்கள் அதை எப்படிச் சொன்னீர்கள்? இணைத்திருந்த உரையாடலைப் படித்தேன். “இதுகூடத் தெரியாமல் எப்படி மெயின்டெய்னர் ஆனீர்கள்?” என்பது உங்கள் முதல் வரி. 250 பற்றிய விளக்கம் நான்காவது பின்னூட்டத்தில்தான் வருகிறது, அதற்குள் அவர் படிப்பதை நிறுத்தியிருப்பார். அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்பின் திட்டங்களில் ஒரு நடைமுறை உண்டு: நிரல் மாற்றத்துக்கு எதிராக மைனஸ் ஒன்று போடலாம், அது வீட்டோ, ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும், காரணமில்லாத வீட்டோ செல்லாது. உங்களிடம் செல்லுபடியாகும் காரணம் இருந்தது. அதை வசவுக்கு அடியில் போட்டுப் புதைத்துவிட்டீர்கள்.

அதனால் கமிட் அனுமதி இல்லாத சாதாரணப் பயனராகவே ஒரு புதிய புகார் பதியுங்கள். மெயில் அனுப்பி, 250 வந்தவுடன் கணினியின் மின்சாரத்தைத் துண்டித்து, திரும்பத் தொடங்கியதும் வரிசையில் அந்த மெயில் இல்லை என்று காட்டும் ஒரு சோதனை. யார் எழுதிய நிரல், யார் தவறு என்று ஒரு வார்த்தை வேண்டாம். முதல் வரிக்கு வருத்தம் தெரிவித்து அவருக்குத் தனியாக எழுதலாமா என்பது உங்கள் விருப்பம், எழுதினால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இந்தப் புகாரையும் மூடிவிட்டால் உங்களிடம் ஃபோர்க்குக்கு ஒரு வலுவான காரணம் இருக்கும், பயனர்களும் கேட்பார்கள். அவர் சரிசெய்துவிட்டால், மெயில் தொலையாது.

நன்கொடைப் பணம் தொடங்கியவரின் சொந்தக் கணக்கில் போனது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆண்டுவாரியாகக் கணக்குக் கேட்கலாம், பங்கு கேட்க முடியாது. ஃபோர்க் தொடங்கினால் பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போன்ற அமைப்புகள் சிறு திட்டங்களைத் தங்கள் குடைக்குள் எடுத்து வரவு செலவைப் பார்த்துக்கொள்கின்றன, விண்ணப்பித்துப் பாருங்கள்.

சாவி பற்றிய மெயில் இன்று போகட்டும். வேலை ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் பெயர்களை மறைத்து எனக்கு அனுப்புங்கள், பெயர் குறித்த கடிதத்தை அதைப் பார்த்த பிறகு அனுப்பலாம். சோதனையை எழுத இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்.